கதிரேசன் பேரில் ஒரு பக்கம்

செல்லக்கனி தன் மகனை மறந்தது ஒரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, பிற்பகல் நாலேகால் மணிக்கு. அந்த நேரத்தில் அவள் தன் வீட்டு அடுப்படியில், விற்பதற்கான இடியாப்ப மாவைத் தொட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சமாதானம் குளிர்பெட்டி சர்வீஸ் என்று நீலப் பலகை தொங்கிய அறையில் இந்திராணி, செல்லக்கனி பேர் எழுதிய பக்கத்தின் அடியில் 'வராக்கடன், தள்ளுபடி, ரூ. 4,300' என்று எழுதிச் சிவப்பு மையால் இரட்டைக் கோடு இழுத்தாள். கோடு காய்வதற்குள் செல்லக்கனி தலை நிமிர்ந்து, பதினோரு மாதமாகத் தான் ஏன் ஒழுங்காகத் தலை வாரவில்லை என்று யோசித்து, யோசனை பிடிபடாமல், பக்கத்து வீட்டில் போய்ச் சீப்பு கேட்டாள். இறந்தவன் அவளுடைய ஒரே மகன் அருள்ராஜ். பத்தொன்பது வயது. நெடுஞ்சாலையில் பைக்கோடு கிடந்தவனை ஊரே போய்த் தூக்கி வந்திருந்தது.

செம்மடையில் அது இப்படித்தான் தொடங்கியது. ஏன் தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் மழை ஏன் பெய்யவில்லை என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சமாதானம் சர்வீஸில் சடலம் வைக்கும் இரண்டு குளிர்பெட்டிகளும், கண்ணாடி வைத்த ஒரு வேனும், அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஒரு சாமியானாவும் இருந்தன. வேனை ஓட்டப் பாலையா இருந்தான். எல்லாவற்றுக்கும் முதலாளி சிங்கராயர். முப்பது வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து, ஓய்வுப் பணத்தில் பாதியையும் பேங்க் கடனையும் போட்டு இந்தத் தொழிலைத் தொடங்கியவர். வாழ்நாள் முழுக்கச் சில்லறைக்காகச் சண்டை போட்ட அலுப்பிலோ என்னவோ, தொழிலுக்கு அவர் வைத்த முதல் சட்டம், சாவு வீட்டில் பணம் பேசக் கூடாது என்பது. பெட்டியை இறக்கி, வயரைச் சொருகி, குளிர் ஏறுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வாரேன் என்று சொல்லாமல் திரும்பிவிட வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு கையெழுத்து. அந்த வீட்டில் அந்த நேரத்துக்கு யார் காலூன்றி நிற்கிறாரோ அவரிடம் பாலையா சீட்டை நீட்டுவான். இறந்தவர் பேர், வயது, எந்தப் பெட்டி என்று தீர்மானிப்பதற்காக உயரம், அவ்வளவுதான் சீட்டில் இருக்கும். கையெழுத்துப் போட்டவர் பேரில் பேரேட்டில் ஒரு பக்கம் திறக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பில் போகும். அதற்குள் அந்த வீட்டுப் பணம் பந்திக்கும் கோடித்துணிக்கும் வந்தவர்களின் பேருந்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் பேரேட்டில் பக்கங்கள் திறந்தபடியே கிடந்தன.

அவற்றை எழுதியவள் இந்திராணி. அஞ்சல்வழியில் பி.காம் முடித்தவள், நாற்பத்தாறு வயது, எழுத்து ஒரு பக்கமும் சாயாமல் எறும்பு வரிசைபோல் நிற்கும். காலையில் ரொக்கப் புத்தகத்தில் முந்தின நாள் இருப்பை எடுத்து எழுதி, டீசலையும் பாலையாவின் கூலியையும் செலவில் வைத்து, பேரேட்டில் அவரவர் பக்கத்தில் அவரவர் தொகையைச் சேர்த்து, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, இரண்டு பக்கமும் சமமாக வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். ஊர் அவளைக் கணக்கம்மா என்றது. முதல் வருஷ முடிவில், சொத்தையும் கடனையும் எதிரெதிரே காட்டும் ஐந்தொகை தயாரித்து அவள் சிங்கராயரிடம் நீட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இருபத்திரெண்டாயிரம் லாபம்னு போட்டிருக்கிய. பெட்டியில முந்நூறு ரூவாதான் இருக்கு. மிச்சம் எங்கம்மா?"

"ஊருக்குள்ள இருக்கு, அண்ணாச்சி." அவள் பேரேட்டைப் புரட்டிக் காட்டினாள். "இந்த வீட்ல நாலாயிரம். இந்த வீட்ல ஆறு. நாம வேலையைச் செஞ்ச அன்னைக்கே அது வருமானம். துட்டு வார அன்னைக்கு இல்ல. வராத துட்டு கடனாளி பேர்ல நிக்கும். அதுவும் நம்ம சொத்துதான்."

"அப்ப என் சொத்து பூரா அழுத வீட்லயா கெடக்கு?"

"ஆமா."

"நல்ல தொழில் பாத்தேன்" என்றார் சிங்கராயர்.

அந்தச் சொத்தில் இந்திராணியின் வீடும் ஒன்று. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஐப்பசியில் அவள் மகள் ஆதிரை, ஒன்பது வயதுக்காரி, காய்ச்சலில் போனாள். சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. ஞாயிறு இரவு மூக்கில் ரத்தம் வந்தது. திங்கள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. பாலையா சின்னப் பெட்டியை இறக்கியபோது இந்திராணி தரையில் கிடந்தாள். நின்றுகொண்டிருந்தவன் அவள் கணவன் கதிரேசன்தான். அவன் கையெழுத்துப் போட்டான். பெட்டி, வேன், நாற்காலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நானூறு. அவள் இருபது நாள் கழித்து வேலைக்குத் திரும்பியதும் சிங்கராயர், "அதை எழுதாதீய, இந்திராணிம்மா" என்றார். அவள் எழுதினாள். டீசலுக்குச் செலவு எழுதியாகிவிட்டது. ஓடிய வண்டிக்கு வரவு எழுதாவிட்டால் புத்தகம் பொய் சொல்லும். 'கதிரேசன், மோட்டார் காயில் கட்டும் கடை' என்று தலைப்பிட்டுப் பக்கம் திறந்தாள். அவர் கேட்கவும் இல்லை, அவள் கட்டவும் இல்லை. ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் புதுப் பேரேட்டில் 'ஆரம்ப இருப்பு ரூ. 5,400' என்று தன் கையாலேயே எடுத்து எழுதினாள். அதை எழுதும் அன்று மட்டும் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

வராத கடனைத் தள்ளுபடி செய்யலாம் என்று சொன்னவர் மாவட்டத் தலைநகரில் இருந்த ஆடிட்டர். வராது என்று தெரிந்ததைச் சொத்து என்று காட்டக் கூடாது, நட்டத்தில் எழுதிப் பக்கத்தை மூடு என்றார். அப்படி அவள் மூடிய முதல் பக்கம் செல்லக்கனியுடையது. மறுநாள் பாலையா டீ வாங்கப் போனவன் டீ இல்லாமல் திரும்பி வந்தான்.

"செல்லக்கனி அக்கா சிரிச்சுக்கிட்டு யாவாரம் பாக்குது. அருள்ராஜ் போட்டோவுக்கு மாலை போடலியான்னு கேட்டேன், எந்த அருள்ராஜ்னு கேக்கு. வெளையாடலக்கா. மூஞ்சியப் பாத்தா தெரியுதுலா."

அந்த வாரம் இந்திராணி மூடியிருந்த மற்ற இரண்டு பக்கங்களின் வீடுகளுக்கும் ஆள் போய்ப் பார்த்து வந்தது. ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்ட மருமகன் மாமனாரை மறந்திருந்தான், மகள் மறக்கவில்லை. மற்ற வீட்டில் தம்பி அண்ணனை மறந்து, அண்ணியைப் பார்த்து யார் நீங்க, எந்த ஊர் என்று மரியாதையாக விசாரித்திருந்தான். கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அது. பணம் கட்டி முடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் எல்லா ஊரிலும் எல்லாரும் அழுவதுபோல் அழுது, எல்லாரும் தேறுவதுபோல் மெல்லத் தேறினார்கள்.

ஊர் இதை ஒரு மாதம் பேசியது. பிறகு பழகிவிட்டது, புதிதாக வந்த பேருந்து நேரத்துக்குப் பழகுவதைப்போல. பெட்டி வந்து இறங்கும்போதே யார் கையெழுத்துப் போடுவது என்று வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. தாங்க மாட்டாள் என்று தோன்றினால் தாயின் கையில் பேனாவைத் திணித்தார்கள். சொத்து விவகாரம் இருந்தால், நினைவு வைத்திருக்க வேண்டிய ஆளைத் தவிர்த்து வேறு ஆளைப் போடச் சொன்னார்கள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற சுயம்பு பாதித் தொகையைக் கட்டிவிட்டு மீதியைத் தள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குத் தன் மனைவியின் சமையல் நினைவிருந்தது, குரல் இல்லை. மீன்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, அவள் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்ற இடத்தில் வந்து நின்றுவிடுவார். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இதைக் கண்டித்தார். அடுத்த மாதம் அவருடைய தங்கை இறந்தபோது அவரே கையெழுத்துப் போட்டார், பில்லை மட்டும் கட்டவில்லை.

"உங்க அப்பாவ எப்ப தள்ளுதிய?" என்று டீக்கடையில் சாதாரணமாகக் கேட்டார்கள்.

"மார்ச்சுல."

"நாங்க ரொக்கமாக் கட்டிட்டோம். எங்கய்யா எங்களுக்கு வேணும்."

"ஒங்களுக்கென்ன, வசதி இருக்கு. அழுங்க."

சுவர்களில் நினைவஞ்சலிப் போஸ்டர்கள் குறைந்தன. பெரிய வீடுகளுக்கு மட்டும் ஒட்டினார்கள். ஒரு புது நாகரிகமும் உண்டாயிற்று: தள்ளுபடியானவர்கள் முன்னால் இறந்தவரின் பேரை எடுப்பதில்லை. குழந்தைகளுக்குக்கூட அது தெரிந்திருந்தது. மாலை காய்ந்த படங்களை, யாருடையது என்று தெரியாமல் பலர் சமாதானம் சர்வீஸில் கொண்டுவந்து கொடுத்தார்கள். 'எங்க வீட்டுச் சுவத்துல இருந்துச்சு கணக்கம்மா, ஒங்க புஸ்தகத்துல இருக்கான்னு பாருங்க' என்பார்கள். இந்திராணி பார்த்து, படத்தின் பின்பக்கம் பேரேட்டுப் பக்க எண்ணைப் பென்சிலால் குறித்து, அலமாரியில் அடுக்குவாள். ஊர் விட்ட துக்கம் முழுவதும் அந்த அலமாரியில் வந்து சேர்ந்தது. அவளுக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது. எழுதியவள் மறப்பதில்லை.

லாப நட்டக் கணக்கில் மட்டும் ஒவ்வொரு மார்ச்சிலும் வராக்கடன் வரி நீண்டது. இருபத்திரெண்டாயிரம் லாபம் ஒன்பதாயிரமாகி, அடுத்த வருஷம் முப்பதாயிரம் நட்டமாயிற்று. கட்ட முடிந்தவர்களும் கட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். பாலையாவின் கூலி இரண்டு மாதம் நின்றது.

முதல் தள்ளுபடி நடந்து ஒரு வருஷம் கழித்து, செல்லக்கனி வந்தாள். சேலை முந்தியை அவிழ்த்து மேசையில் பணத்தைக் கொட்டினாள். நோட்டுகளில் மாவு ஒட்டியிருந்தது.

"நாலாயிரத்து முந்நூறு இருக்கு. எண்ணிக்கிடுங்க."

"எதுக்கு, செல்லக்கனி?"

"எதுக்குன்னு தெரியாமதான் வந்திருக்கேன். பரண்ல ஒரு பேண்ட்டு கெடந்துச்சு. யாருதுன்னு தங்கச்சிகிட்ட கேட்டேன். அவ அழுதா. நான் ஒருத்திதான் அழாம நிக்கேன், அவ என்னப் பாத்துப் பாத்து அழுதா." செல்லக்கனி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு மகன் இருந்தானாம்லா. பணத்த வாங்கிக்கிட்டு அவனத் திருப்பி எழுதுங்க."

இந்திராணிக்குப் பதில் முன்னமே தெரியும். தள்ளிய கடன் பிறகு வசூலானால் அதைக் கடனாளியின் பேரில் வரவு வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் மூடியாகிவிட்டது. 'வராக்கடன் வசூல்' என்று தனித் தலைப்பில் வருமானமாக எழுத வேண்டும். பணம் வரும், ஆள் வருவதில்லை. ஆனாலும் அவள் எழுதிப் பார்த்தாள். ரசீது கிழித்து, பேர் எழுதி, தேதி போட்டு, செல்லக்கனியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே இரண்டு பேருந்துகள் வந்து போயின. முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"வரலியே" என்றாள் செல்லக்கனி.

"வராது போலிருக்கு."

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு? அதையாவது படிங்க."

இந்திராணி மூடிய பக்கத்தைத் திறந்து படித்தாள். "அருள்ராஜ். வயசு பத்தொம்பது. உயரம் அஞ்சடி எட்டங்குலம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அலமாரியில போட்டோ இருக்கு, தரட்டுமா?"

செல்லக்கனி படத்தை வாங்கி, ஊர் திருவிழாவில் தொலைந்த பிள்ளையின் பெற்றோரைத் தேடுகிறவள்போல் அதை உற்றுப் பார்த்தாள். "அஞ்சடி எட்டங்குலம்" என்று சொல்லிப் பார்த்தாள். "நல்ல உசரம்லா." பணத்தைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, படத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு போனாள். தெருத் திரும்பும்வரை, மனப்பாடம் செய்கிற பிள்ளையைப்போல் அவள் உதடு அசைந்துகொண்டிருந்ததை இந்திராணி பார்த்தாள்.

கதிரேசன் அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடையில் எரிந்துபோன மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. விவசாயிகள் கேட்டுக் கேட்டு அலுத்து வேறு ஊருக்கு எடுத்துப் போனார்கள். செம்புக் கம்பியைச் சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தப்பிவிடுகிறது என்றான். ஆதிரையின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட மாட்டான். படத்துக்கு முதுகைக் காட்டியும் உட்கார மாட்டான். அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக் கை கழுவிவிடுவான். நாலரை வருஷமாக அவன் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இந்திராணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ராணி, ஊருக்கெல்லாம் எழுதுத. எனக்கு எழுத மாட்டியா?"

அவள் பானையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"என் பேர்லதான பக்கம் இருக்கு. நான் கட்ட மாட்டேன்னு வச்சுக்கோ. வராத கடன்னு தள்ளிரு."

"தள்ளினா என்ன ஆகும்னு தெரியும்லா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் கேக்கேன்."

"அவ மூஞ்சி மறந்துரும். அவ பேரு மறந்துரும். அவ நடந்தது, விழுந்தது, ஒங்க முதுகுல ஏறிக்கிட்டு கடைக்கு வந்தது."

"அதெல்லாம் எனக்கு இப்ப எங்க இருக்கு?" என்றான் கதிரேசன். "அந்தச் சனிக்கெழமதான் இருக்கு. கண்ணத் தொறந்தா சனிக்கெழம, மூடுனா சனிக்கெழம."

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொன்னது யாரு?"

இந்தக் கேள்வியை அவள் நாலரை வருஷத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவன் வெளியே போயிருக்கிறான். இந்த முறை போகவில்லை.

"நான்தான்" என்றான். "மறுநா காலையில கொடுக்க வேண்டிய மோட்டாரு ஒண்ணு இருந்துச்சு. எழுநூறு ரூவா. நான்தான் சொன்னேன். இன்னும் எத்தன வருசம் ஆரம்ப இருப்புன்னு எழுதுவ, ராணி?"

அவள் வடிதட்டை எடுத்துப் பானையை நிமிர்த்தினாள். சோறு ஆறுவதற்குள் அவன் கடைக்குப் போய்விட்டான்.

மார்ச் மூன்றாம் வாரம் பேங்க்கிலிருந்து கடிதம் வந்தது. கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட பாக்கி எதுவும் ஐந்தொகையில் நிற்கக் கூடாது. வசூலிக்க வேண்டும் அல்லது தள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேனையும் பெட்டிகளையும் எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். சிங்கராயர் கடிதத்தை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

"பழைய பாக்கி எத்தனம்மா இருக்கு?"

"ஒண்ணு."

அவர் யாருடையது என்று கேட்கவில்லை. மேசையில் விரலால் எதையோ கிறுக்கினார். "உங்க சம்பளத்துல கழிச்சுக் கட்டினதா எழுதிருவமா? இல்ல, நானே என் கைக்காசுல போட்டுரட்டுமா?"

"நீங்க கட்டக் கூடாது, அண்ணாச்சி."

"அப்ப நீங்களே பாத்துக்கிடுங்க. கட்டுனாலும் சரி, தள்ளுனாலும் சரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முப்பத்தொண்ணாந் தேதி நாலு மணிக்குள்ள பேப்பரு பேங்க்குக்குப் போகணும்."

முப்பத்தொன்றாம் தேதி அவள் கைப்பையில் ஐயாயிரத்து நானூறு ரூபாயோடு வந்தாள். கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கட்டிவிட்டால் பக்கம் மூடும், தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது, அவனால் இனி எந்த மார்ச்சிலும் தப்பிக்க முடியாது. அவளோடு கூடவே அவனும் சாகும்வரை அந்தச் சனிக்கிழமையில் இருந்தாக வேண்டும். தனியாக இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மற்றக் கணக்குகளை முடித்தாள், டீசலைக் கூட்டினாள், பெட்டிகளின் தேய்மானத்தைக் கழித்தாள், பாலையாவுக்குத் தர வேண்டிய கூலியைப் பொறுப்புகளில் எழுதினாள். மூன்று மணிக்குக் கதிரேசனின் பக்கத்தைத் திறந்தாள். ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளை வைத்து அவன் பேரை எழுதினாள்.

எழுதிவிட்டு, பக்கத்தின் தலைப்பில் இருந்த அதே பேரைப் பார்த்தாள். ஒரு பேர்தான் இருந்தது. இந்தக் கடன் ஒருவனுடையதா என்று கணக்கு எழுதுகிறவளாக அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள், எந்த வீட்டுப் பாக்கியையும் கேட்பதுபோல. அப்போது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு முழுதாக வந்தது. கதிரேசன் திங்கள் என்றான், உண்மைதான். அவள் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, 'மொளகு ரசம் வச்சுத் தாரேன், காலையில எறங்கிரும், நீங்க மோட்டார முடிச்சுக் குடுங்க' என்று சொன்னாள். இரண்டு டம்ளர் குடிக்க வைத்தாள். வயிறு நிறைந்த பிள்ளை சிரித்தது. இந்த நாலரை வருஷத்தில் அக்காவிடம், பக்கத்து வீட்டில், தனக்குத் தானே, எத்தனையோ முறை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ரசத்தை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. முழுத் தொகையையும் அவன் பேரில் எழுதி வைத்திருந்தாள். கையெழுத்துப் போட அவன் நின்றுகொண்டிருந்தான் என்பதற்காக.

பாதியைத் தன் பேருக்கு மாற்றி இரண்டையும் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மேசையில் பேனா இருந்தது, இடமும் இருந்தது. தள்ளினால் இருவரும் இன்று இரவு நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் அதற்குப் பிறகு இந்த உலகத்தில் ஆதிரை என்பவள் 'வயது ஒன்பது, உயரம் நாலடி இரண்டங்குலம்' என்று மட்டும் இருப்பாள். யாராவது ஒருவருக்காவது அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் ரசீதைக் குறுக்கே அடித்து 'ரத்து' என்று எழுதினாள். கைப்பையை மூடினாள். பக்கத்தின் அடியில், 'வராக்கடன், தள்ளுபடி, ரூ. 5,400' என்று, சாயாத எழுத்தில் எழுதி இரட்டைக் கோடு இழுத்தாள். நட்டத்தில் அதைச் சேர்த்துக் கூட்டினாள். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமமாக வந்தன. சிங்கராயர் கையெழுத்துப் போடும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

அவன் கடை மூடுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவள் வேகமாக நடந்தாள். ஊரின் நாகரிகம் அவளுக்கும் தெரியும். படத்தைக் கழற்றினாள், பள்ளிக்கூடச் சீருடையையும் கொலுசையும் செருப்பையும் ஒரு துணிப்பையில் கட்டினாள், சிலேட்டுக் குச்சியால் சுவரில் குறித்திருந்த உயரக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். ஒவ்வொரு கோட்டையும் துடைக்கும் முன் அது எந்த வருஷத்தது என்று சொல்லிக்கொண்டாள். பையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். காலி ஆணியில் காலண்டரை மாட்டினாள்.

கதிரேசன் ஆறரை மணிக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம் மிக்சர் இருந்தது. கை கால் கழுவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"காலண்டரு இங்கயா இருந்துச்சு?"

"இன்னைக்குத்தான் மாத்தினேன்."

"ரெண்டு மோட்டாரு முடிச்சுட்டேன், ராணி. என்ன இத்தன நாளா இப்படிச் சோம்பேறியாக் கெடந்திருக்கேன்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு." அவன் மிக்சரைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினான். "ஏன் நிக்க? உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவன் தட்டில் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அவன் பசியோடு சாப்பிட்டான். அவனுடைய முகம் கல்யாணமான புதிதில் இருந்த முகமாக இருந்தது. அதில் எந்தக் கிழமையும் இல்லை. பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்குல்லா" என்றான். "நமக்கு ஒரு புள்ள இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"ஒனக்கு வருத்தம்னு எனக்குத் தெரியும். நான்தான் ஒருநாளும் கேட்டதில்ல." அவன் இடது கையால் அவள் முழங்கையைத் தொட்டான், குழந்தை இல்லாத ஒருத்தியைத் தேற்றுகிற கையால். "பொட்டப்புள்ளயாப் பொறந்திருந்தா என்ன பேரு வச்சிருப்ப?"

அவள் குழம்புக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஆதிரை" என்றாள்.

"ஆதிரை." அவன் அதை ஒரு முறை சொல்லிப் பார்த்தான், முதல் முறையாகக் கேட்கிற ஊர்ப் பேரைச் சொல்வதுபோல. "நல்ல பேரு" என்று சொல்லிவிட்டு, மோருக்குத் தட்டை நகர்த்தினான்.